ஓட்டை போடாத டேங்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஓரத்தில் நான் அடிக்கடி போகும் காயலான் கடை யார்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். மூடிக்கிடக்கும் எந்தப் பாத்திரமும் ஓட்டை விழாமல் லாரியில் ஏறக்கூடாது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரெசர், பைக் ஷாக் அப்சார்பர், பெயின்ட் டப்பா, ஸ்டவ் டேங்க், எதுவாக இருந்தாலும் கடப்பாரையால் ஒரு குத்து. லாரி நேராகப் போவது இரும்பு உருக்கும் ஆலைக்கு. காற்றோ தண்ணீரோ அடைபட்ட ஒரு டப்பா கொதிக்கிற இரும்புக்குள் விழுந்தால் வெடிக்கும். வெடித்தால் உலை வாயில் நிற்பவர்கள் மேல் இரும்புக் குழம்பு தெறிக்கும்.

அந்த யார்டில் கடப்பாரை பிடிப்பவள் ஒரு பெண். ஏறக்குறைய என் வயது. அவளுடைய புருஷன் அந்த ஆலையில், அந்த உலை வாயில்தான் நிற்கிறான்.

சில வருஷங்களுக்கு முன் எந்த யார்டிலிருந்தோ வந்த மூடிய டப்பா ஒன்று அங்கே வெடித்தது. பக்கத்தில் நின்றவன் அங்கேயே செத்தான். இவள் புருஷனுக்குக் கழுத்தும் முதுகும் வெந்து, ஒரு காது உருகிக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. பிழைத்து எழுந்தவன் மறுபடி அதே உலைக்குத்தான் போனான். வேறு எவன் வேலை கொடுப்பான்? அவன் திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கே இவள் யார்டு முதலாளியிடம் வந்து நின்றாளாம். அந்த ஆலைக்கு அப்போது முக்கால்வாசிச் சரக்கு இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. "எம் புருசன் நிக்கிற எடத்துக்குப் போற சாமான நானே குத்தறன், நைனா. வேற எவன் குத்தினாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றாளாம். முதலாளியை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு என்ன, கசக்கவா போகிறது? இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவள் குத்துவதைப் பார்க்க வேண்டும். இரண்டு காலையும் அகட்டி நின்று, கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்குவாள். ஒவ்வொரு டப்பாவையும் ஏதோ ஜென்மப் பகையாளியைப் போலக் குத்துவாள். பெயின்ட் டப்பாவாக இருந்தால் மிச்சமிருக்கும் பெயின்ட் முகத்தில் அடிக்கும். துடைத்துக்கொள்ளக்கூட மாட்டாள்.

நான் அங்கே போனது ஸ்டவ்வுக்காக. மீஞ்சூரில் கேஸ் ஸ்டவ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதில் வயிறு நிறைகிறது. மனசு நிறைவது பழைய பம்ப் ஸ்டவ்வில்தான். கரி ஏறி, கால் ஒடிந்து, பர்னர் அடைத்துக் கிடப்பதைத் தூக்கிவந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வாஷர் மாற்றி, நிப்பிளில் பின் குத்திச் சுத்தம் செய்து, பம்ப் அடித்துப் பற்றவைத்தால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், உஸ்ஸென்று. அந்தச் சத்தத்துக்காக நான் எவனோடும் மல்லுக்கு நிற்பேன். சென்னையில் காபி கடை வைப்பவர்களும் சினிமாவுக்கு செட் போடுகிறவர்களும் வாங்கிப் போகிறார்கள். சமையலுக்கென்று வாங்குகிறவர்களும் உண்டு, கொஞ்சம் பேர்தான். எனக்கு வாய்த்தவன் என் வாய்க்குப் பயந்து பெங்களூர் பக்கம் போய்விட்டான். போகட்டும். ஸ்டவ் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் அறிமுகமே அடிதடிதான். குவியலில் ஒரு மூன்று கால் ஸ்டவ் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். கரிக்கு அடியில் மஞ்சள். பித்தளை. அதற்குள் அவள் கடப்பாரையை ஓங்கிவிட்டாள். நான் யோசிக்காமல் கையை நீட்டி இழுத்தேன். கடப்பாரை டேங்க் மேல் வழுக்கி என் சுண்டுவிரலில் இறங்கியது. நகம் பெயர்ந்து தொங்கியது.

"கைய வுட்டா நான் பொறுப்பா? மூள இல்ல உனக்கு?" என்று அவள்தான் என்னைத் திட்டினாள்.

ரத்தம் சொட்டச் சொட்ட அவள் கன்னத்தில் ஒன்று விட்டேன். அவள் என் கொண்டையைப் பிடித்து இரும்புத் தூள் மேல் உருட்டினாள். அவள் தோளைக் கடித்தேன். கடைசியில் நைனா ரப்பர் குழாயைத் திருப்பி எங்கள் இருவர் மேலும் தண்ணீர் அடித்தார், நாயைப் பிரிக்கிற மாதிரி. லாரிக்காரர்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். நான் ஸ்டவ்வை விடவில்லை.

அப்புறம் நாங்களாகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஸ்டவ் வந்தால் ஓரமாக எடுத்து வைப்பாள். நான் போய் அவள் கண் முன்னாலேயே மூடியையும் பம்ப்பையும் கழற்றிக் காட்ட வேண்டும். வாய் திறந்துவிட்டால் அது டப்பா இல்லை, வெறும் தகரம்; எடுத்துப்போகலாம். நான் வராத நாளில் குத்திவிடுவாள். அப்படி எத்தனையோ நல்ல டேங்க் நாசமாய்ப் போனது. ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து சபித்திருக்கிறேன். "உனக்கு ஸ்டவ்வு, எனக்குத் தாலி" என்பாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

சண்டை போட்டவர்கள்தான் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்பார்கள். அப்படித்தான் ஆனது. காலை நாஷ்டாவை எடைமேடை நிழலில் ஒன்றாக உட்கார்ந்து தின்போம். அவள் கருவாடு கொண்டுவருவாள். அப்போதுதான் அவள் உடம்பைக் கவனித்தேன். கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டுக்குக் கீழே கறுப்பு. உதட்டோரம் வெட்டு. ஒருநாள் மூக்கு வீங்கி, வாயால் மூச்சு விட்டாள்.

"இரும்பு பட்டுச்சா?"

"இல்ல. எம் புருசன்." பெயின்ட் பட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இவள் இங்கே நாளெல்லாம் வெயிலில் நின்று அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள். அவன் வீட்டுக்குப் போய் இவளைக் குத்துகிறான். அந்த ஆலை கேட்டில் நின்று அவனைச் செருப்பால் அடிக்கிறேன் என்று கிளம்பினேன். முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நீ அடிச்சிட்டு ரயில் ஏறிப் பூடுவ. ராத்திரிக்கி நான்தானமே அந்த ஊட்டுல படுக்கணும்?"

முன்பே ஒருமுறை அண்ணன் வீட்டுக்கும் போயிருக்கிறாள். அவன் மறுநாளே பஸ் ஏற்றிவிட்டான். நைனாவிடம் சொன்னோம், புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்கட்டும் என்று. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அடிக்கிற கைதாம்மா அணைக்கும். ரொம்பப் பேஜார் பண்ணாத" என்றார். அவர் மேசையிலிருந்த எடைக்கல்லை எடுத்து அவர் தலையில் போடலாமா என்றிருந்தது எனக்கு. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன ஆடியில் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருக்கிறது. பரணில் கிடந்த பழைய பம்ப் ஸ்டவ்வை இறக்கி, எங்கேயோ கெஞ்சி மண்ணெண்ணெய் வாங்கி, சோறு வைத்திருக்கிறாள். அவன் ஷிப்டு முடிந்து வந்தபோது சோறு இன்னும் வேகவில்லை. எரிகிற ஸ்டவ்வை அப்படியே உதைத்தானாம், சோற்றுப் பானையோடு. கஞ்சி ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். புடவையைத் தூக்கித் தொடையைக் காட்டினாள். முட்டிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவப்பாக, ஈரமாக இருந்தது. கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தேன்.

"அவனும் இப்டித்தான் வெந்தான்" என்றாள். "நான்தான் மருந்து போட்டன். வாழ எலைல படுக்க வெச்சி, ஈ ஓட்டினேன். எப்டி எரியும்னு அவனுக்குத் தெரியும்மே. தெரிஞ்சிதான் ஒதைக்கிறான்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கூடைக்காரிகள் இறங்கும் ரயிலில் அவளும் மீஞ்சூருக்கு வந்து இறங்கினாள். கையில் அந்த ஸ்டவ். நீலப் பெயின்ட் அடித்த இரும்பு டேங்க். உதைபட்ட பக்கம் நசுங்கி, மடிப்பில் ஊசி முனை அளவுக்கு ஒரு விரிசல்.

"காத்து போவாம இத்த எப்டி அடைக்கிறதுன்னு கத்துக்குடுமே" என்றாள்.

ஓட்டை போடுகிறவள் ஓட்டை அடைக்க வந்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காயம் ஆறுவதற்கு ஒரு வழி இது என்று நினைத்துக்கொண்டேன். தன்னை அடித்த சாமானைத் தானே சரி பண்ணப் போகிறாள், நல்லதுதானே? டீ வாங்கிக்கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நசுங்கலை உள்ளிருந்து கம்பி விட்டு நெம்பச் சொன்னேன். விரிசலைச் சுரண்டி, திராவகம் தடவி, சூடு காட்டி ஈயம் ஓட்டச் சொன்னேன். பம்ப்புக்குத் தேங்காய் எண்ணெயில் ஊறிய புதுத் தோல் வாஷர், மூடிக்குப் புது வாஷர். முரட்டுக் கைதான், ஆனாலும் பொறுமை இருந்தது. கடைசியில் டேங்கை பக்கெட் தண்ணீரில் அமுக்கி, பர்னரைக் கழற்றிய குழாய் வாயை நான் கட்டைவிரலால் பொத்திக்கொள்ள, அவள் பம்ப் அடித்தாள். குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"நல்லா அடச்சிக்கிச்சா?"

"யானை ஏறி நின்னாலும் காத்து போவாது."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் அதுவரை பார்க்காத சிரிப்பு. கிளம்பும்போது, வீட்டில் ஒரு குண்டான் ஒழுகுகிறது, கொஞ்சம் ஈயம் கொடு என்றாள். ஒரு துண்டை ஒடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பர்னரை நான் சுத்தம் பண்ணி வைக்கிறேன், அடுத்த வாரம் வந்து மாட்டிக்கொள் என்று டேங்கை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் யார்டுக்குப் போனேன். லாரி ஏற்றி முடிந்து, கயிறு கட்டாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில் இருந்தான். அவள் எடைமேடை நிழலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு வடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொன்னாள்: "இன்னிக்கி அவன் பகல் ஷிப்டு."

"சரி, அதுக்கின்னா?" என்றேன்.

எங்கே போனாலும் என் கண் ஸ்டவ்வைத்தான் தேடும். அது ஒரு வியாதி. வடையைத் தின்றுகொண்டே லாரியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், முறுக்கிப்போன கம்பிகளுக்கும் ஒரு பீரோ கதவுக்கும் நடுவில் நீலமாக ஒன்று தெரிந்தது. அவளுடைய டேங்க். அந்தப் படுபாவி இதையும் தூக்கிக் காயலானில் போட்டுவிட்டானா என்றுதான் முதலில் நினைத்தேன். டயரில் கால் வைத்து ஏறி, கையை விட்டு இழுத்தேன்.

கனத்தது. காலி டேங்க் இந்தக் கனம் கனக்காது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசமே இல்லை. தண்ணீர். குழாய் வாயைப் பார்த்தேன். அதன் மேல் கட்டியாக, அசிங்கமாக, ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. மூடியைத் திருகினேன். அசையவில்லை. அதையும் சுற்றி ஈயம்.

பயம். சுத்தமான பயம். வாய்க்குள் இருந்த வடையைத் துப்பினேன்.

டேங்கை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே குதித்தேன். திரும்பினால் அவள் நிற்கிறாள், கையில் கடப்பாரை.

"மேல போடு அத்த."

"பைத்தியமா உனக்கு?"

"போடுன்னு சொல்றன்ல."

"அங்க அவன் மட்டுமா நிக்கிறான்? இன்னும் அஞ்சாறு பேரு நிக்கிறானுங்க. அவனுங்க உன்ன இன்னாடி பண்ணானுங்க?"

"அவனுங்க ஊட்டுல போயி இன்னா பண்றானுங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் டேங்கை விடவில்லை. அவள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் மேல் பாய்ந்தாள். முதன்முதலில் போட்ட சண்டையெல்லாம் விளையாட்டு. இது வேறு. என் கழுத்தை நெரித்தாள். கட்டைவிரல் தொண்டைக்குழியில் இறங்கியது. கண் இருட்டியது. நான் அவளுடைய வெந்த தொடையில் முட்டியால் இடித்தேன். வேண்டுமென்றேதான் இடித்தேன், அங்கேதான் வலிக்கும் என்று தெரியும். அலறிக்கொண்டு கையை விட்டாள். உருண்டு போன டேங்கைக் காலால் அமுக்கி, கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தேன்.

என் வாழ்நாளில் ஒரு ஸ்டவ்வில் நான் ஓட்டை போட்டதில்லை. ஓங்கிக் குத்தினேன். வழுக்கியது. மறுபடி குத்தினேன். மூன்றாவது குத்தில் கடப்பாரை உள்ளே இறங்கியது. காற்றையும் அடித்து வைத்திருக்கிறாள். தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. எவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் ஒன்று விடாமல். நிறுத்த முடியவில்லை. அந்த நீலத் தகடு கிழிந்து விரியும்வரை குத்திக்கொண்டே இருந்தேன். அவள் மண்ணில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு நைனா வெளியே வந்தார். எங்களையும் தரையில் கிடந்த ஸ்டவ்வையும் பார்த்தார்.

"மறுபடியும் ஸ்டவ்வுக்குச் சண்டையா? இந்த டப்பு பெறாத தகரத்துக்கா இந்த அடி?" என்று தலையில் அடித்துக்கொண்டார். டிரைவர் சிரித்துக்கொண்டே வந்து கயிறு கட்டினான். கிழிந்த டேங்கை நானே தூக்கி லாரியில் போட்டேன். லாரி போனது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. ரயிலில் வரும்போது கழுத்தில் அவள் விரல் பதிந்த இடம் எரிந்தது. ஆனாலும் உள்ளே ஒரு பெருமை. அத்தனை உயிரைக் காப்பாற்றியவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் போனபோது குவியல் பக்கத்தில், ஒரு கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முக்காடு. இடது கண் மூடி, பழுத்த நாவல்பழ நிறத்தில் புடைத்திருந்தது. வலது கை விரல்களை மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் எதிரே போய் நின்றேன்.

அவளே சொன்னாள். "ஸ்டவ்வு எங்கன்னு கேட்டான். காயலான்ல போட்டுட்டன்னேன். யாரக் கேட்டுப் போட்டன்னு புடிச்சிக்கினான்." பேசும்போது கீழ் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. "வெரல ஒவ்வொண்ணா மடக்கினான்."

"ஆஸ்பத்திரிக்கி வா. இப்பவே. என் கூடவே வந்துடு. என் கடைல இரு. அவன் வந்தா நான் பார்த்துக்கறேன்" என்று என்னென்னவோ சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில்.

"நீ காப்பாத்தி வுட்ட கைதான் இத்தப் பண்ணுச்சி" என்றாள். பிறகு பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை இடது கையால் என் பக்கம் தள்ளினாள். "லோடு பத்து மணிக்கிப் போவுது. என்னால புடிக்க முடியாது. நீயே குத்து."

குவியலில் டப்பாக்கள் கிடந்தன. கம்ப்ரெசர், பெயின்ட் டப்பா, நடுவில் நல்ல நிலையில் ஒரு ஸ்டவ்கூடக் கிடந்தது. நான் பம்ப்பைக் கழற்றவில்லை. கடப்பாரையை எடுத்தேன். அவள் இடது கையால் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். கால் அகட்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் குத்தினேன். லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

அன்றைக்கும் அவன் பகல் ஷிப்டுதான். சாயங்காலம் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.